லண்டனில இருந்து ட்ரெயினில டிஸ்னிலாண்ட் பாரிஸ்: எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பள்ளிக்கூட லீவு கிட்ட வர வர ஒரே கேள்வியள்தான் திரும்பத் திரும்ப வருது, ஆளாளுக்குத் தனித்தனியா ஃபோனில சொல்லிக்கொண்டு இருக்கிறதை விட எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைப்பம் எண்டு நினைச்சன். லண்டனில இருந்து யூரோஸ்டார் ட்ரெயினில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற குடும்பங்களுக்குத்தான் இது. ஒரு விசயத்தை மட்டும் முதலே சொல்லிப்போடுறன்: டிக்கெட் மலிவா இருக்கு எண்டு உடன கார்டை எடுக்காதேங்கோ. முதல்ல வீட்டில இருக்கிற ஒவ்வொருத்தற்ற பாஸ்போட்டையும் எடுத்து மேசையில வைச்சுத் திகதியைப் பாருங்கோ. பயணம் குழம்புறது கூடுதலா அங்கதான்.

நேரா டிஸ்னி வாசலில கொண்டு போய் விடுற ட்ரெயின் இப்பவும் ஓடுதா?

இல்லை. 1996 தொடக்கம் ஓடின நேரடி யூரோஸ்டார் 2023 ஜூன் மாசத்தோட நிண்டு போச்சு. கொரோனாவுக்குப் பிறகு லண்டன்-பாரிஸ் மாதிரி முக்கியமான பாதைகளில கவனம் வைக்கப் போறம், ஐரோப்பாவின்ர புது எல்லைச் சோதனையும் வருது எண்டு காரணம் சொன்னவை. இன்னும் சில பழைய பக்கங்களில நேரடி ட்ரெயின் எண்டு போட்டிருக்கும், அதை நம்பி பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இப்ப ஒரு இடத்தில மாறித்தான் போகவேணும், ஒண்டில் வட பிரான்ஸில இருக்கிற லீல், இல்லாட்டி பாரிஸ்.

ரெண்டில எது நல்லது?

சின்னப் பிள்ளையள், பக்கி, பெரிய சூட்கேஸ், முழங்கால் நோ உள்ள அம்மம்மா, இதில எது இருந்தாலும் நான் லீல் எண்டுதான் சொல்லுவன். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில ஏறினால் ஏறக்குறைய ஒண்டரை மணித்தியாலத்தில லீல் யூரோப் ஸ்டேஷன், அங்க டி.ஜி.வி. எண்ட பிரெஞ்சு வேக ட்ரெயினில ஏறினால் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலத்தில மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி, அந்த ஸ்டேஷன் டிஸ்னியின்ர ரெண்டு பார்க்குக்கும் பக்கத்தில, வெளியால வந்தால் பார்க் வாசல் ரெண்டு மூண்டு நிமிச நடை. மெட்ரோப் படிக்கட்டு இல்லை, சன நெரிசல் இல்லை, சீட்டும் பதிஞ்சிருக்கும்.

பாரிஸ் வழி எண்டால் யூரோஸ்டாரில பாரிஸின்ர கார் து நோர் ஸ்டேஷனுக்கு ரெண்டேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, பிறகு ஆர்.இ.ஆர். எண்ட பாரிஸ் புறநகர் ட்ரெயினில இன்னொரு மணித்தியாலம் வைச்சுக்கொள்ளுங்கோ. பாரிஸுக்கு யூரோஸ்டார் ஒரு நாளைக்கு நிறைய ஓடுது, அதால நேரமும் விலையும் பாத்து எடுக்கலாம், லீலுக்கு அந்தளவு தெரிவு இல்லை. பாரிஸில சொந்தக்காரர் இருக்கினம், ஒரு இரவு நிண்டு போவம், பாரிஸில எங்கட கடையள் இருக்கிற லாச்சப்பலில சாமான் வாங்குவம் எண்டு இருக்கிற ஆக்களுக்கு பாரிஸ் வழிதான் சரி. வளந்த பிள்ளையளோட ஆளுக்கொரு பாக்கோட போறவைக்கும் அது பிரச்சனை இல்லை.

லீலில எப்பிடி மாறுறது?

முதல் விசயம், லண்டனில நீங்கள் ஏறுற ட்ரெயினின்ர போர்டில பெரும்பாலும் பிரசல்ஸ் எண்டு போட்டிருக்கும், பாரிஸ் போற ட்ரெயின் கூடுதலா லீலில நிக்காது. அதால "நாங்கள் பிரான்ஸ் போறம், இது பெல்ஜியம் போற ட்ரெயின்" எண்டு பயப்பிட வேண்டாம், டிக்கெட்டில இருக்கிற ட்ரெயின் நம்பரைப் பாத்து ஏறுங்கோ. ரெண்டாவது, லீலில அது கொஞ்ச நிமிசம்தான் நிக்கும், பதினாறு பெட்டி 400 மீட்டர் நீள ட்ரெயின், எல்லாரும் ஒரே கதவடியில வந்து நிப்பினம். லீல் வருது எண்டு அறிவிக்க முதலே பிள்ளையளுக்கு ஜாக்கெட் போட்டு, மேல் தட்டில இருக்கிற சூட்கேஸை இறக்கி, ஒரு ஆள் முன்னுக்கும் ஒரு ஆள் பின்னுக்கும் நிண்டுகொள்ளுங்கோ.

மூண்டாவது, லீலில ரெண்டு பெரிய ஸ்டேஷன் இருக்கு, லீல் யூரோப், லீல் ஃப்ளாந்த்ர். ரெண்டும் நடக்கிற தூரம்தான், ஆனா டிக்கெட் எடுக்கேக்க ரெண்டு ட்ரெயினும் லீல் யூரோப் எண்டே இருக்கா எண்டு பாருங்கோ, பக்கியைத் தள்ளிக்கொண்டு மழைக்குள்ள மற்றப் பக்கம் ஓடுறது தேவையில்லாத வேலை. பிரெஞ்சு ட்ரெயின் கதவு புறப்பட ரெண்டு நிமிசத்துக்கு முதலே பூட்டிப்போடும். பாஸ்போட் சோதனை லண்டனிலயே முடிஞ்சிடும், லீலில இறங்கினால் நேரா அடுத்த மேடைக்குப் போகலாம், இதுதான் ப்ளேனை விட எனக்குப் பிடிச்ச விசயம்.

ரெண்டு டிக்கெட்டையும் சேத்து எடுக்கவா, தனித்தனியா எடுக்கவா?

ஏலுமெண்டால் யூரோஸ்டார் தளத்திலயே லண்டன் தொடக்கம் மார்ன்-லா-வலே வரைக்கும் ஒரே புக்கிங்கா எடுங்கோ. முதல் ட்ரெயின் பிந்தி மற்றதைத் தவறவிட்டால் அடுத்ததில ஏத்தி விடுறதுக்கு அது உதவும். தனித்தனியா எடுத்தால் சில நேரம் மலிவாத்தான் வரும், ஆனா பிந்தினால் இழப்பு உங்கட தலையில. அப்பிடி எடுக்கிறது எண்டால் நடுவில ஒரு மணித்தியாலமாவது விடுங்கோ, பிள்ளையள் இருந்தால் ஒண்டரை. பிரெஞ்சு ட்ரெயின் டிக்கெட் யூரோஸ்டாரை விடப் பிந்தித்தான் திறக்கும், அதால ஒரு பக்கத்தை வாங்கிப்போட்டு மற்றதுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

பிள்ளையளின்ர வயசுக் கணக்கையும் கவனிங்கோ, ஒவ்வொரு இடத்திலயும் வேற வேற. யூரோஸ்டாரில நாலு வயசுக்குக் கீழ மடியில இருத்தினால் காசில்லை, 4 தொடக்கம் 11 வரை சின்னாக்கள் டிக்கெட். டிஸ்னியில மூண்டு வயசுக்குக் கீழதான் இலவசம், 3 தொடக்கம் 11 வரை சின்னாக்கள், 12 வந்தால் பெரியாள். பாரிஸ் மெட்ரோ, ஆர்.இ.ஆரில நாலு வயசுக்குக் கீழ இலவசம், ஒன்பது வயசு மட்டும் அரைவாசி. பிறந்தநாள் லீவுக்குள்ள வருது எண்டால் போற நாளில எத்தினை வயசு எண்டதைத்தான் பாருங்கோ.

பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கு, பிறகென்ன பாக்கிறது?

ரெண்டு திகதி. பாஸ்போட் குடுத்த நாளில இருந்து பத்து வருசம் முடிய முதல் நீங்கள் பிரான்ஸுக்குள்ள போயிருக்கவேணும், திரும்பி வாற நாளில இருந்து இன்னும் மூண்டு மாசம் செல்லுபடியா இருக்கவேணும். 2018 செப்டம்பருக்கு முதல் எடுத்த பாஸ்போட்டுகளில சிலதுக்கு பழசில மிச்சம் இருந்த மாசங்களையும் சேத்துக் குடுத்தவை, அதில முடியிற திகதி நல்லாத் தெரியும் ஆனா பத்து வருசம் தாண்டியிருக்கும், அதோட போனால் ட்ரெயினில ஏத்தமாட்டினம். பிள்ளையளின்ர பாஸ்போட் அஞ்சு வருசம்தான், பெரியாக்கள் தங்கடைய மட்டும் பாத்துப்போட்டு விட்டுடுவினம்.

வீட்டில சிலருக்கு பிரெஞ்சு, ஜேர்மன், டென்மார்க் பாஸ்போட் இருக்கலாம், ஐரோப்பாவில இருந்து லண்டனுக்கு இடம் மாறி வந்த குடும்பங்கள் எங்களுக்குள்ள எவ்வளவு. அவைக்கு இந்தப் பத்து வருசக் கணக்கும் இல்லை, கைரேகைச் சோதனையும் இல்லை, ஆனா திரும்பி பிரிட்டனுக்குள்ள வரேக்க செட்டில்ட் ஸ்டேட்டஸ் (ஐரோப்பியருக்கான பிரிட்டன் வதிவிட உரிமை) எந்தப் பாஸ்போட்டோட பதிஞ்சிருக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ. பாஸ்போட் புதுப்பிச்சிருந்தால் பிரிட்டன் அரசின்ர ஆன்லைன் அக்கவுண்டிலயும் புது நம்பரை மாத்தவேணும்.

எனக்கு ஐ.எல்.ஆர். இருக்கு, பாஸ்போட் இலங்கை. விசா வேணுமோ?

வேணும். பிரிட்டனில நிரந்தர வதிவிடம் இருக்கிறது பிரான்ஸும் சேந்திருக்கிற ஷெங்கன் நாடுகளுக்குள்ள போறதுக்கு உதவாது. இந்தியப் பாஸ்போட்டுக்கும் அதே கதைதான். ஷெங்கன் விசாக் காசு பெரியாக்களுக்கு 90 யூரோ, ஆறு தொடக்கம் பன்னிரண்டு வயசுக்குள்ள உள்ள பிள்ளையளுக்கு 45, ஆறுக்குக் கீழ இல்லை, அதுக்கு மேல விண்ணப்ப நிலையத்தின்ர சேவைக் காசு. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதல் தொடக்கம் விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டில போறது எண்டால் ஜூலையில அப்பாயின்ட்மென்ட் தேடாதேங்கோ, கிடைக்காது. அகதிப் பயணப் பத்திரம் வைச்சிருக்கிற ஆக்களும் விசா வேணுமோ எண்டு பிரான்ஸ் அரசின்ர விசாத் தளத்தில தங்கட பத்திரத்தின்ர பேரைப் போட்டுப் பாத்துவிட்டுத்தான் எதையும் புக் பண்ணவேணும்.

பழைய வதிவிடக் கார்டுகள் 2024 டிசம்பர் கடைசியோட முடிஞ்சுது, இப்ப எல்லாம் ஈ-விசா, ஆன்லைன் பதிவு. போக முதல் உங்கட அக்கவுண்டுக்குள்ள போய்ப் பாருங்கோ, இப்ப கையில இருக்கிற பாஸ்போட் அதில பதிஞ்சிருக்கோ எண்டு. திரும்பி வாறதுக்கு இது வேணும்.

ஊரில இருந்து அம்மா அப்பா வந்து நிக்கினம், அவையையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

இதுக்குப் பதில் சொல்ல எனக்கே கவலையா இருக்கும், ஏனெண்டால் கூடுதலா அவை வந்து இறங்கின பிறகுதான் கேக்கினம். ஷெங்கன் விசாவை வசிக்கிற நாட்டில இருந்துதான் எடுக்கிறது வழக்கம், லண்டனுக்கு விசிட்டில வந்து நிண்டுகொண்டு இஞ்ச விண்ணப்பிக்கிறது பெரும்பாலும் சரிவராது. அதால கொழும்பிலயோ சென்னையிலயோ அவை லண்டன் விசா எடுத்த கையோட ஷெங்கனுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கோ. பேரப்பிள்ளையளோட போய் அந்தக் கோட்டைக்கு முன்னால நிண்டு படம் எடுக்க அவைக்கும் ஆசை இருக்கும், ஆறு மாசம் முந்தி யோசிச்சால் நடக்கிற விசயம் இது.

எனக்கும் பிள்ளைக்கும் பேர் வேற வேற, எல்லையில கேப்பினமோ?

கேக்கலாம், முக்கியமா தாய் தனியப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேக்க. எங்கட ஆக்களில பிள்ளைக்கு தகப்பன்ர பேர் கடைசிப் பேரா இருக்கும், தாய்க்கு தன்ர அப்பாவின்ர பேர் இருக்கும், மூண்டு பாஸ்போட்டிலயும் மூண்டு கடைசிப் பேர் கூட வரும், அது எங்களுக்கு இயல்பு, எல்லை அதிகாரிக்கு விளங்காது. பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ் ஒரு கொப்பி எப்பவும் பாக்கில இருக்கட்டும். மற்றத் தாய் தகப்பன் வராட்டி அவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம், அவற்ற பாஸ்போட் படப்பக்கக் கொப்பி. மாமி, சித்தி, அம்மம்மா கூட்டிக்கொண்டு போறது எண்டால் கடிதம் கட்டாயம் வைச்சிருங்கோ. பிரிட்டனுக்குத் திரும்பி வரேக்கதான் கூடக் கேக்கினம், பிள்ளையிட்டையே "இது யார் உமக்கு" எண்டும் கேப்பினம், முதலே சொல்லி வைச்சால் பிள்ளை பயப்பிடாது.

கைரேகை எடுக்கினமாம், அது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின்ர புது நுழைவுப் பதிவு முறை, 2025 அக்டோபர் 12 தொடக்கம் படிப்படியா வந்தது. ஐரோப்பியப் பாஸ்போட் இல்லாத ஆக்களுக்கு முதல் தரம் முகப் படமும் கைரேகையும் எடுப்பினம், பன்னிரண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்குப் படம் மட்டும்தான். காசு இல்லை, முதலே ஒண்டும் நிரப்பத் தேவையில்லை, எல்லாம் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனிலயே நடக்கும், ஒருக்கா பதிஞ்சால் மூண்டு வருசத்துக்கு இருக்கும்.

இதுக்கு அடுத்ததா எட்டியாஸ் எண்டு ஒரு ஆன்லைன் அனுமதி வரப்போகுது, பிரிட்டிஷ் பாஸ்போட் மாதிரி விசா தேவையில்லாத ஆக்களுக்கு, 20 யூரோ, 18க்குக் கீழயும் 70க்கு மேலயும் காசு இல்லை ஆனா விண்ணப்பிக்கவேணும். 2026 கடைசிப் பகுதியில தொடங்கும் எண்டு ஐரோப்பிய ஒன்றியம் அறிவிச்சது. இதின்ர பேரில காசு வாங்கிற தனியார் தளங்கள் கனக்க வந்திட்டுது, ஐரோப்பிய ஒன்றியத்தின்ர சொந்தத் தளம் தவிர வேற எங்கயும் கார்ட் நம்பர் குடுக்காதேங்கோ.

செயின்ட் பாங்க்ராஸுக்கு எத்தினை மணிக்குப் போய் நிக்கவேணும்?

புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முதல் கேற் பூட்டும், அதுக்குப் பிறகு என்ன சொன்னாலும் விடமாட்டினம். குடும்பமாப் போறது எண்டால் ஒண்டரை மணித்தியாலம் முந்தி, லீவு தொடங்கிற வெள்ளி சனியில அதைவிடக் கொஞ்சம் கூட. டிக்கெட் கேற், பாக் ஸ்கேன், பிரிட்டிஷ் பக்கம், பிறகு பிரெஞ்சுப் பொலிஸ், இப்பிடி வரிசையா இருக்கும்.

எங்கட ஆக்கள் இருக்கிற இடங்களில இருந்து இந்த ஸ்டேஷனுக்குப் போறது லேசு. ஈஸ்ட் ஹாம், பார்க்கிங் ஆக்கள் ஹாமர்ஸ்மித் அண்ட் சிற்றி லைனில மாறாமல் கிங்ஸ் க்ரொஸ் வரலாம், ஹரோ, வெம்பிளி பார்க் ஆக்களுக்கு மெட்ரோபொலிட்டன் லைன், டூட்டிங் ஆக்களுக்கு நோர்தேர்ன் லைன் பாங்க் பக்கத்தால வாறது, ஈஸ்ட் க்ரொய்டன் எண்டால் தேம்ஸ்லிங்க் நேரா செயின்ட் பாங்க்ராஸ். கென்ட் பக்கம் இருக்கிற ஆக்கள் கேப்பினம் ஆஷ்ஃபோர்டிலயோ எப்ஸ்ஃப்ளீட்டிலயோ ஏறேலாதோ எண்டு, 2020 தொடக்கம் யூரோஸ்டார் அங்க நிக்கிறேல்லை, லண்டனுக்குத்தான் வரவேணும். ஞாயிறுகளில ட்யூப் லைன் பூட்டியிருக்கும், முதல் நாள் இரவு ஒருக்கா பாருங்கோ.

எவ்வளவு பாக் கொண்டு போகலாம்?

சாதாரண டிக்கெட்டில பெரியாளுக்கு 85 சென்ரிமீட்டருக்கு உள்ள ரெண்டு பாக், கூட ஒரு கைப்பை. பிள்ளைக்கு ஒண்டும் ஒரு கைப்பையும். நிறை பாக்கிறேல்லை, ஆனா தூக்கிறது நீங்கள்தான். தண்ணி, ஷாம்பூ, பால் போத்தலுக்கு நூறு மில்லி எண்ட கணக்கெல்லாம் இல்லை, குழந்தை வைச்சிருக்கிற ஆக்களுக்கு இது எவ்வளவு நிம்மதி. மடிக்கிற பக்கி கொண்டு போங்கோ, அஞ்சு வயசுப் பிள்ளையும் டிஸ்னியில பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நடக்காது.

வீட்டில செய்த சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம், ஆனா என்ன சாப்பாடு எண்டதுதான் கேள்வி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பிறகு இறைச்சியும் பால் சாமானும் இஞ்ச இருந்து பிரான்ஸுக்குள்ள கொண்டு போகக்கூடாது. அப்ப மட்டன் ரோல்ஸ், கோழிக்கறியும் புட்டும், தயிர்ச்சோறு, பால்கோவா, சீஸ் சான்விச் இதெல்லாம் வேண்டாம். லண்டனில ட்ரெயினுக்குக் காத்துக்கொண்டு இருக்கேக்கயே சாப்பிட்டு முடிக்கலாம். மீனுக்குத் தடை இல்லை, சொந்தப் பாவனைக்குக் கொண்டு போகலாம், அதால மீன் கட்லட் பிழையில்லை. புளிச்சோறு, எலுமிச்சம் சோறு, இட்லியும் பொடியும், முறுக்கு, கடலை, இடிச்ச சம்பலும் பாணும், இதுகளில ஒரு பிரச்சனையும் இல்லை, பழுதும் ஆகாது.

பழம் மரக்கறியிலயும் சட்டம் இருக்கு, வாழைப்பழம், அன்னாசி, தேங்காய், பேரீச்சம்பழம், டூரியன் தவிர மற்றதுக்குச் சான்றிதழ் கேக்கும். பாரிஸில இருக்கிற அக்கா கேட்டவ எண்டு பச்சைக் கறிவேப்பிலைக் கட்டைக் கொண்டு போகாதேங்கோ, லாச்சப்பலில எல்லாம் கிடைக்கும். குழந்தைப் பால்மா, குழந்தைச் சாப்பாடு, வைத்தியர் சொன்ன விசேச உணவு இதுகளுக்கு ரெண்டு கிலோ மட்டும் விலக்கு இருக்கு, உடைக்காத பக்கெற்றா, ஃப்ரிட்ஜ் தேவைப்படாததா இருக்கவேணும்.

கடலுக்குள்ளால போகேக்க மீன் தெரியுமோ எண்டு பிள்ளை கேக்குது?

தெரியாது, முதலே சொல்லி வையுங்கோ, சில பிள்ளையள் அதுக்காகவே ஜன்னல் சீட்டுக்குச் சண்டை பிடிச்சுப்போட்டு வெறும் இருட்டைக் கண்டு அழுதிடும். சுரங்கம் கடல் தண்ணிக்குள்ள இல்லை, கடலின்ர அடித்தரைக்கும் கீழ சுண்ணாம்புப் படையைக் குடைஞ்சு செய்தது. மொத்தம் 50 கிலோமீட்டர், அதில கடலுக்குக் கீழ மட்டும் ஏறக்குறைய 38. 1994 மே மாசம் திறந்தது. தரையில மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடுற ட்ரெயின் உள்ளுக்க 160 அளவில போகும், இருவது நிமிசத்தில வெளியால வந்திடும். காது அடைக்கும், சின்னாக்களுக்கு உறிஞ்ச ஏதாவது குடுங்கோ. வெளியால வந்த உடன மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் கூட்டுங்கோ.

பாரிஸ் வழியாப் போறம், கார் து நோரில இறங்கி எந்த ட்ரெயின்?

கீழ இறங்கி ஆர்.இ.ஆர். பி இல்லாட்டி டி, ஒரே ஒரு நிறுத்தம், ஷாத்லே லே ஆல். அங்க மாறி ஏ லைன், கடைசி ஸ்டேஷன் மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி. ஏ லைன் கிழக்கால வன்சென் தாண்டி ரெண்டாப் பிரியும், ஒரு கிளை புவாசி-சென்-லெஜே எண்டு வேற பக்கம் போகும், அதால மேடையில போர்டைப் பாருங்கோ, ஷெஸ்ஸிக்கு நேரா வெளிச்சம் இருந்தால்தான் ஏறவேணும். சில ட்ரெயின் நடுவில டொர்சியோட நிண்டிடும், இறங்கி அடுத்ததில ஏறினால் சரி.

ஷாத்லே சரியான சன நெரிசல், பின்னேரம் அஞ்சு ஆறு மணிக்கு பக்கியோட அங்க போறது எனக்கு விருப்பமில்லை. கனபேருக்குத் தெரியாத வழி ஒண்டு இருக்கு. கார் து நோரோட ஒட்டினபடி மஜென்ரா எண்ட ஸ்டேஷன், அங்க இருந்து ஆர்.இ.ஆர். ஈ லைனில வல் து ஃபொந்தெனே வந்து ஏ லைனுக்கு மாறுங்கோ. கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கும், மூச்சு விட இடம் இருக்கும். ஈ லைனும் பிரியிறதுதான், வல் து ஃபொந்தெனேயில நிக்கிறதோ எண்டு போர்டில பாத்து ஏறுங்கோ.

2025 ஜனவரி தொடக்கம் பாரிஸ் பகுதி முழுக்க மெட்ரோ, ஆர்.இ.ஆர். டிக்கெட் தூரம் பாக்காமல் ஒரே விலை, அப்ப ரெண்டரை யூரோ, வருசா வருசம் சில சென்ற் கூடும். முந்தி டிஸ்னிக்கு இதின்ர ரெண்டு மடங்கு குடுத்த இடம். விமான நிலையத்துக்கு மட்டும் இந்த விலை இல்லை. டிக்கெட் ஏத்திற நவிகோ ஈஸி கார்ட் ரெண்டு யூரோ, ஆளுக்கு ஒண்டு வேணும், ஒரு கார்டை வைச்சு அஞ்சு பேர் போகேலாது, சோதனைக்காரர் பிடிச்சால் தண்டக்காசு. ஃபோனில ஆப்பிலயும் எடுக்கலாம். கார் து நோரிலயும் ஏ லைனிலயும் பொக்கெற் அடிக்கிற ஆக்கள் இருக்கினம், தாலிக்கொடி, காப்பு போட்டுக்கொண்டு போற அம்மாமாருக்கு நான் கெஞ்சிக் கேக்கிறது, லண்டனிலயே கழட்டி வைச்சிட்டு வாங்கோ.

ஹோட்டல் உள்ளுக்க எடுக்கவா வெளியாலயா?

டிஸ்னி ஹோட்டல் விலை கூட. ஆனா பார்க் பொதுச் சனத்துக்கு ஒன்பதரைக்குத் திறக்கும் எண்டால் அங்க தங்கிற ஆக்களுக்கு எட்டரைக்கே சில இடம் திறந்து விடுவினம், அந்த ஒரு மணித்தியாலத்தில வரிசை இல்லாமல் பாக்கிறது பிறகு பகல் முழுக்க நிண்டு பாக்கிறதுக்குச் சமன். சாந்த ஃபே, ஷையென் ரெண்டும் அதுக்குள்ள மலிவு, கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட நடை, இலவச பஸ்ஸும் இருக்கு. ஆறு ஏழு பேர் எண்டால் ஒரு ஸ்டேஷனுக்கு முதல் வல் தூரோப்பில அபார்ட்மென்ட் எடுங்கோ, ஆர்.இ.ஆரில அடுத்த நிறுத்தம்தான் டிஸ்னி, பக்கத்திலயே பெரிய சுப்பர்மார்க்கெட், அரிசி வாங்கி அவிச்சுச் சாப்பிடலாம். அறை பின்னேரம்தான் குடுப்பினம், காலமை போனால் பாக்கை ஹோட்டலில குடுத்திட்டு நேரா பார்க்குக்குப் போங்கோ.

பிள்ளை எல்லாத்திலயும் ஏறலாமோ? எத்தினை நாள் வேணும்?

உயரம் அளந்துதான் விடுவினம், கண்டிப்பா. பிக் தண்டர் மவுண்டன், டவர் ஒஃப் டெரர், ஸ்டார் டூர்ஸுக்கு 102 சென்ரிமீட்டர், க்ரஷ்ஷின்ர கோஸ்டருக்கு 107, ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120, இந்தியானா ஜோன்ஸுக்கு 140. வீட்டுச் சுவரில அளந்து பாத்து எது ஏலும் எது ஏலாது எண்டு இஞ்சயே கதைச்சு முடிச்சால் வாசலில அழுகை இல்லை. தாயும் தகப்பனும் மாறி மாறி ஏறலாம், ஒராள் பிள்ளையோட நிக்க மற்றவர் போய் வந்து பிறகு மற்றாள் திரும்ப வரிசையில நிக்காமல் போக விடுவினம், வாசலில நிக்கிறவையிட்டைக் கேளுங்கோ.

பார்க் ரெண்டு. 1992 ஏப்ரல் 12 இல திறந்த பழைய டிஸ்னிலாண்ட் பார்க், 2002 இல திறந்த மற்றது, அதுக்கு 2026 மார்ச் 29 தொடக்கம் டிஸ்னி அட்வென்சர் வேர்ல்ட் எண்ட புதுப்பேர், ஃப்ரோஸன் பகுதியும் அதோடதான். சின்னப் பிள்ளையளுக்கு முதலாவது பார்க்கே ரெண்டு நாள் காணும். செவ்வாய், புதன், வியாழன் பாத்துப் போங்கோ. பெப்ரவரி லீவில பிரெஞ்சுப் பிள்ளையளுக்கும் லீவு, சரியான குளிர், சரியான சனம், என்னைக் கேட்டால் வேண்டாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமோ?

பசியோட இருக்க வேண்டி வராது, ஆனா மூண்டு நாளும் பாஸ்தா, பீட்சா, ஃப்ரைஸ் எண்டால் அலுத்துப்போகும். அக்ரபா கஃபே பஃபேயில ஹமுஸ், கத்தரிக்காய், சாலட் எண்டு சைவக்காரர் எடுக்கக்கூடிய சாமான் இருக்கு, அதுக்கு முதலே ஆப்பில இடம் பதிஞ்சு வையுங்கோ. சின்ன ஸ்நாக்ஸ், தண்ணிப் போத்தல் கொண்டு போகலாம், கண்ணாடிப் போத்தலும் பெரிய ஐஸ் பெட்டியும் விடமாட்டினம்.

லாச்சப்பலுக்குப் போய் வர நேரம் இருக்குமோ?

கார் து நோரில இருந்து நடக்கிற தூரம்தான், அதுவே பாரிஸ் வழியால போறதின்ர பெரிய லாபம். ஃபோபூர் சென் தெனி தெருவாலயும் ரூ காயாலயும் நடந்தால் இலங்கைக் கடைதான் எங்க பாத்தாலும், கொத்துரொட்டி, ரோல்ஸ், வடை சுடச்சுட. லாச்சப்பலில வாங்கின மட்டன் ரோல்ஸை டிஸ்னிக்குக் கொண்டு போறதுக்கு ஒரு தடையும் இல்லை, ஐரோப்பாவுக்குள்ளதானே. ரூ பஜோலில மாணிக்க விநாயகர் ஆலயம், ஆகஸ்ட் கடைசி அளவில தேர், அந்த ஞாயிறு பாரிஸில நிக்கிற மாதிரி பயணத்தை வைச்சால் பிள்ளையள் ரெண்டையும் பாக்கும்.

ஆனா லண்டனுக்குத் திரும்பி வரேக்க ரோல்ஸ் கொண்டு வரேலாது. 2025 ஏப்ரல் 12 தொடக்கம் ஐரோப்பாவில இருந்து ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியும் பால் சாமானும் பிரிட்டனுக்குள்ள தடை, அங்க மிருகங்களுக்குக் கோமாரி நோய் வந்ததால. சீஸும் சேத்துத்தான். சாக்லெட், பிஸ்கட் பரவாயில்லை.

ப்ளேன், கார் எண்டால் மலிவோ?

ப்ளேன் டிக்கெட் சிலநேரம் மலிவு, பாக்குக் காசு, லூட்டன் போற காசு, அங்க ஷார்ல் து கோல் விமான நிலையத்தில இருந்து டி.ஜி.வி. எல்லாத்தையும் கூட்டிப் பாருங்கோ. கார் எண்டால் அஞ்சு பேருக்கு மேல உண்மையிலேயே மலிவு வரும். ஃபோக்ஸ்டனில காரோட ட்ரெயினில ஏத்தினால் 35 நிமிசத்தில கலே, பிறகு மூண்டு மணித்தியால ஓட்டம், டோல் காசு, டிஸ்னியில பார்க்கிங் காசு. ஓட்டுறவர் ரெண்டு நாள் களைச்சுப்போவார், அதையும் கணக்கில எடுங்கோ.

திரும்பி வரேக்க ட்ரெயின் பிந்தினால்?

லீல் வழி எண்டால் திரும்பி வரேக்க பிரெஞ்சு, பிரிட்டிஷ் ரெண்டு சோதனையும் லீலிலதான், யூரோஸ்டாருக்கெண்டு தனிப் பகுதி இருக்கு, அதால போகேக்க விட்ட நேரத்தை விடக் கூட விடுங்கோ. அதுவும் கடைசி ட்ரெயினைப் பதியாதேங்கோ, லீலில இருந்து லண்டனுக்கு ஒரு நாளைக்குக் கொஞ்ச ட்ரெயின்தான், தவறினால் இரவு அங்க தங்கிறது எண்டாகும். யூரோஸ்டார் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பிந்தினால் டிக்கெட் காசில கால்வாசி, ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல எண்டால் அரைவாசி திருப்பிக் கேக்கலாம், கேட்டால்தான் தருவினம், அதால டிக்கெட் ஈமெயிலை அழிக்காதேங்கோ. வெளிக்கிட முதல் ஆளாளுக்கு ஒரு இலவச ஜி.ஹெச்.ஐ.சி. சுகாதாரக் கார்டும் என்.ஹெச்.எஸ். தளத்தில எடுத்து வையுங்கோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பிரான்ஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில உதவும், அவசரத்துக்கு 112. பயணக் காப்புறுதியும் தனியா எடுங்கோ, அந்தக் கார்ட் பிந்தின ட்ரெயினுக்கும் துலைஞ்ச பாக்குக்கும் காசு தராது.